இரண்டாம் தடவை கேட்காதவர்

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு தடவை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். தட்டு உள்ளே போய்விடும். பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் அது வெளியே வராது.

எனக்கு அது தெரியாமல் போயிற்று. பண்டார் தெங்காராவில் இந்தத் தாமானுக்கு, இந்த வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, நாங்கள் குடிவந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் வருவார், ஞாயிறு சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மகள் கல்யாணமாகிப் பினாங்கில். நான் செனாயில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட பக்கத்து வீட்டில் அக்கா தனியாக இருந்தார். பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் வேலை. மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மரியாதைக்காகப் போய் எட்டிப்பார்த்தேன். ஒரு தட்டில் பழக் கேக்கும் அச்சு முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடுறியா?"

"ஐயோ வேணாங்கா, இப்பதான் சாப்பிட்டேன்."

"சரி."

தட்டை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே அலமாரிக் கதவு மூடும் சத்தம் கேட்டது. எனக்குச் சத்தியமாகப் பசி. இவர் வீட்டில் சாப்பிடலாம் என்றுதான் காலையிலிருந்து வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

நம் ஆட்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? யாராவது சாப்பிடச் சொன்னால் முதலில் வேண்டாம் என்போம். அவர்கள் "அட, சும்மா கொஞ்சம்" என்பார்கள். நாம் "இல்லைங்க, வயித்துல இடமில்ல" என்போம். அவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். எடுத்தவுடனே "குடுங்க" என்று சொன்னால் சாப்பாட்டுக்கு அலைகிறவள் என்று பேர் வரும். என் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தார். அக்காவை யார் எப்படி வளர்த்தார்களோ தெரியவில்லை.

தாமானில் பழைய ஆட்கள் உஷார். கேட்டுக்குள் கால் வைக்கும்போதே "அக்கா, பசிக்குது" என்று சொல்லிக்கொண்டு நுழைவார்கள். புதிதாக வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். கடைசி வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருவர், அக்கா வீட்டுக் கோழிப் பிரட்டல் வாசத்தை மூக்கால் இழுத்துக்கொண்டே "பரவால்லீங்க, வேணாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். அடுத்த வார்த்தை வந்தது. "மழை வரும்போல இருக்கே, துணி எடுத்தாச்சா?" என்றார் அக்கா. மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவருக்குக் கொடுக்கப் போனாலும் இதே கதைதான். தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு போனேன்.

"அதிரசம் எடுத்துக்குங்கக்கா."

"இனிப்பு வேணாம்."

"ஒண்ணே ஒண்ணு. என் மனசுக்காக."

"உன் மனசுக்காக நான் எதுக்கு வேண்டாதத திங்கணும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மணி என்ன என்று விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். பிறகு தட்டிலிருந்த முறுக்கை ஒன்று கடித்துப் பார்த்து, "இது நல்லாருக்கு, இன்னும் குடு" என்று முழுவதையும் அள்ளித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் முறுக்கே இல்லை.

நான் அப்படிப்பட்டவள் கிடையாது. நான் கெஞ்சுகிறவள். மகள் சின்ன வயதில் சாப்பிட மாட்டேன் என்றால் கிண்ணத்தோடு பழைய வீட்டுத் தெருவெல்லாம் ஓடியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் கெஞ்சுவேன், ஃபேக்டரியில் எனக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளைகளிடம் கெஞ்சுவேன். கெஞ்சினால்தான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், லட்டு வரும்வரை.

லட்டு ஒரு ஃபெரட். நான் தனியாக இருக்கிறேனே என்று என் வீட்டுக்காரர் ஜொகூர் பாருவில் ஒரு பெட் ஷாப்பில் வாங்கிக்கொண்டு வந்தார். கூடையைத் திறந்து பார்த்து, "அலமாக், என்னாங்க இது, எலியா?" என்று கட்டில்மேல் ஏறிவிட்டேன். நீளமான உடம்பு, குட்டைக் கால், முகத்தில் முகமூடி போட்ட மாதிரி கறுப்பு. ஒரு வாரத்தில் அது என் காலுக்கடியில் தூங்கியது. அப்புறம் நான் அதற்கு அடிமை. தாமானில் எல்லாருக்கும் அது கீரிப்பிள்ளைதான். எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். கீரி குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று, சிங்கப்பூருக்கு வேலை இன்டர்வியூ போகிறவர்கள் விடியற்காலையில் என் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். "அக்கா, கொஞ்சம் அத நடக்க விடுங்கக்கா." எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனால் நல்லது என்று அவர்களுக்குள்ளேயே தகராறு நடக்கும். நான் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் நடக்கவிடுவேன். எனக்கு அதில் ஏகப்பெருமை.

பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில், இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு அடியில் தண்ணீர் போக ஒரு ஓட்டை உண்டு. லட்டு அது வழியாக ஒரு நாள் அந்தப் பக்கம் போயிற்று. அன்றோடு என் நிம்மதியும் போயிற்று.

தேடிக்கொண்டு போனேன். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் மலாய் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். லட்டு அவர் மடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. என் மடியில் அது ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. நான் அதற்குத் தொட்டில் கட்டியிருந்தேன், துணியில் குகை தைத்திருந்தேன், ஈரலை நறுக்கி வேகவைத்து ஊதி ஊதிக் கொடுப்பேன். அக்கா ஒன்றுமே கொடுக்கவில்லை. தடவிக்கூடக் கொடுக்கவில்லை. கை இரண்டும் நாற்காலிப் பிடிமேல் இருந்தன.

"என்னாக்கா பண்ணி வச்சிருக்கீங்க இதுக்கு?"

"ஒண்ணும் பண்ணல. நான் கூப்பிட மாட்டேன். வந்தா உக்காரும், போனா போவும்."

லட்டு என்ற பெயரைக்கூட அவர் சொல்லமாட்டார். "தம்பி" என்பார். "தம்பி, காலுல ஏறாத, வேர்க்குது." அவ்வளவுதான், இறங்கிவிடும். நான் இந்தப் பக்கத்திலிருந்து "லட்டு, என் தங்கம், என் ராசா, வாடா" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவேன். அந்தச் சனியன் காதைக்கூட ஆட்டாது. அவர் குரல் லேசாகக் கேட்டால் ஓட்டையில் தலையை நுழைத்துவிடும். ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தேன். இரண்டு நாள் அந்தச் செங்கல்லைப் பிராண்டிப் பிராண்டி நகத்தில் ரத்தம் வந்தது. எடுத்துவிட்டேன்.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடவேண்டாம். ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட அதே நினைப்புதான். இப்போது அங்கேதான் இருக்கும், அவர் மடியில்தான் இருக்கும் என்று வயிறு எரியும். பக்கத்து சீட்டுக்காரி "என்னாடி, உடம்பு சரியில்லையா?" என்பாள். என்ன சொல்வது? ஒரு ஃபெரட் என்னை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்விட்டது என்றா?

நடுவில் எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்த அன்று, வீட்டுக்காரர் என்னைப் படுக்கவைத்துவிட்டு வேலைக்கு ஓடினார், லீவு முடிந்துவிட்டது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. வாசலில் அக்கா வந்து நின்றார்.

"கஞ்சி வைக்கப் போறேன். உனக்கும் வேணுமா?"

"வேணாங்கா, பரவால்ல. உங்களுக்கு எதுக்கு சிரமம்."

"சரி."

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூண்டும் வெந்தயமும் போட்டுக் கொதிக்கிற கஞ்சி வாசம் வந்தது. நான் படுத்தபடியே அழுதேன். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். பத்து அடிதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு போய்க் கேட்பது? காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். அந்தக் கஞ்சியை நான் மறக்கவில்லை. மனதுக்குள் அவர் கணக்கில் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

லட்டுக்கு உடம்பு சரியில்லை என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல். பின்னங்கால் கொஞ்சம் இழுக்கிறது, மெலிந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து கேட்டைத் திறக்கும்போது அக்கா தன் வாசலிலிருந்தே சொன்னார்.

"தம்பி வயித்துல கட்டி மாதிரி ஒண்ணு தட்டுது. டாக்டர்கிட்ட காட்டு."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா. சாப்பிட்ட வயிறா இருக்கும்."

"தொட்டுப் பாரு."

தூக்கி வைத்துத் தொட்டுப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே, இடது பக்கம், வேகவைத்த வேர்க்கடலை மாதிரி ஒன்று விரலுக்கடியில் நழுவியது. முதலில் வந்தது பயம். அடுத்து வந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை: என் லட்டு வயிற்றில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னால் இவருக்கு எப்படித் தெரியலாம்?

ஃபெரட் பார்க்கிற டாக்டர் எங்கள் பக்கம் கிடையாது. சனிக்கிழமை வீட்டுக்காரர் காரில் ஜொகூர் பாருவுக்கே கொண்டுபோனோம். சின்ன வயது சீனப் பெண் டாக்டர். வயிற்று முடியைச் சிரைத்து ஸ்கேன் பண்ணினார். மலாயில் மெதுவாகத்தான் எடுத்துச் சொன்னார். உள்ளே ஒரு நிழல் தெரிகிறது, மண்ணீரலோடு ஒட்டியிருக்கிறது, வெறும் வீக்கமாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் சொல்லமுடியும். ஆனால் இந்த உடம்பு இப்போது மயக்க மருந்தைத் தாங்காது. இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிடவைத்து எடை ஏற்றிக் கொண்டுவாருங்கள், அதற்குள் எடை இறங்கினால் ஆபரேஷன் கிடையாது என்றார். கோழியைக் கூழாக அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை.

நாள் முழுக்க நான் ஃபேக்டரியில் இருப்பேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போதே அக்கா கேட்டுக்கு வந்துவிட்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"பகல்ல நான் பாத்துக்கட்டா?"

எனக்கு அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் வாயில் வந்தது என்ன?

"வேணாங்கா, பரவால்ல. நான் லீவு போட்டுக்கிறேன்."

"சரி."

பழக்கம் பாதி, பொறாமை பாதி. லீவு போட்டேன். கோழியை அடித்து, வெதுவெதுப்பாக வைத்து, கெஞ்சினேன். "என் தங்கம், ஒரு வாய், அம்மாவுக்காக ஒரு வாய்." முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றி வாயில் விட்டேன், துப்பியது. மடியில் பிடித்து அழுத்தினேன், கடித்தது. இரண்டு நாளில் முதுகெலும்பு கைக்குத் தட்டியது. மூன்றாம் நாள் காலையில் அது நிற்க முயன்று, பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. நான் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கேன்டீனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்னால முடியல. நீங்க பாத்துக்குங்க."

ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "அன்னிக்கே கேட்டேனே" என்று சொல்லுவார், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். "உள்ள வை" என்று சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போன் பண்ணி, இரண்டு வாரத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் மிச்ச லீவை விட்டுவிட்டு ஃபேக்டரிக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் வேலைவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. அவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். லட்டு அவர் தொடைமேல். சின்னக் கரண்டியில் கோழிக்கூழ். கரண்டியைக் காட்டினார், லட்டு தலையைத் திருப்பியது. கரண்டியைத் தள்ளிவைத்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மறுபடி காட்டினார். மறுபடி திருப்பியது. மறுபடி காட்டினார். விரலில் தொட்டு அதன் மூக்கு நுனியில் தடவினார். அது நாக்கை நீட்டி நக்கியது. மறுபடி தடவினார், மறுபடி நக்கியது. "சாப்பிடு தம்பி. ம்? இன்னும் கொஞ்சம். வேணாமா? சரி, இரு. இப்ப? இப்ப சாப்பிடுறியா?"

நான் அங்கே நின்று எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கிண்ணம் காலியாகிற வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மனுஷன் ஒருத்தனையும் இரண்டாம் தடவை கேட்காதவர். லட்டு சாப்பிடுகிறது, பிழைத்துக்கொள்ளும் என்று சந்தோஷப்படவேண்டிய நேரம். எனக்கோ உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை அவர்மேல்தான் பொறாமை என்று நினைத்திருந்தேன். அந்த நிமிஷம் லட்டுமேல் பொறாமைப்பட்டேன். உயிருக்குப் போராடுகிற ஒரு வாயில்லாப் பிராணிமேல்.

"எனக்கு டெங்கி வந்தப்ப ஒரு தடவைதானே கேட்டீங்க?" என்று கத்திவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். "என்னாது?"

"கஞ்சி. ஒரே ஒரு தடவை கேட்டீங்க. போயிட்டீங்க. நான் ரொட்டியத் தண்ணியில நனச்சுத் தின்னேன். இதுகிட்ட மட்டும் இத்தன தடவ கேக்குறீங்க? இதுவும் வேணாம் வேணாம்னுதானே மூஞ்சியத் திருப்புது?"

அக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. லட்டு வாயைத் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்குப் பேச வராது. பசிக்குதா வலிக்குதான்னு நான்தான் கேட்டுக் கேட்டுப் பாக்கணும். உனக்குத்தான் வாய் இருக்கே. நீ வேணாம்னு சொன்ன. நான் நம்பிட்டேன்."

நம்பிட்டேன். என் அம்மா, என் மாமியார், என் வீட்டுக்காரர், யாரும் என் வார்த்தையை அப்படி நம்பியதில்லை. "அவ அப்படித்தான் சொல்லுவா, நீ குடு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதைத்தான் பாசம் என்று நான் எண்ணியிருந்தேன். இந்த மனுஷி நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, என்னை ஒரு பெரிய மனுஷியாக மதித்து, பட்டினி போட்டிருக்கிறார்.

"உனக்கு அன்னிக்கு வேணும்னுதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப வேணும்னு சொல்லியிருக்கணும் லா."

"இப்பவும் பசிக்குது."

"குசினியில சோறு இருக்கு. போட்டுக்க."

போட்டுச் சாப்பிட்டேன். நெத்திலிக் குழம்பு. தட்டில் போட்டுத் தரவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றும் சொல்லவில்லை. நானே இரண்டாம் தடவை எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன். அவர் வீட்டில் நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

இதோடு மனது மாறிவிட்டது, நாங்கள் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டோம் என்று சொன்னால் பொய். மறுநாள் லட்டு அவர் கழுத்துக்கடியில் மூக்கை வைத்துத் தூங்குவதைப் பார்த்ததும் பழையபடி எரிந்தது. ஆனால் அது சாப்பிட்டது. எடை ஏறியது. அந்த இரண்டு வாரமும் பகலில் அங்கே, நான் வந்தபின் இங்கே. நான் எடுத்துவரும்போது அது திரும்பித் திரும்பி அந்த வாசலைப் பார்க்கும். நான் அதன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு வருவேன்.

ஆபரேஷனுக்கு அக்காவும் வந்தார். "வரட்டா?" என்றார். "வாங்க" என்றேன். எனக்கும் பாடம் ஏறியிருந்தது. கிளினிக்கில் நர்ஸ் வந்து, இதன் சொந்தக்காரர் யார் என்று கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அக்கா அசையவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த நாய்ப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகுமுன் ஒரு தடவை தொட்டுக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது முகம் பாதி சிரித்தது. மண்ணீரலையும் அதில் ஒட்டியிருந்ததையும் எடுத்தாயிற்று, கட்டிதான், கொஞ்சம் மற்ற இடத்திலும் தொட்டிருக்கிறது போல, எல்லாவற்றையும் எடுக்கமுடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் சில மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வருஷம் என்றார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா, "வலிக்குமா?" என்று ஒன்றுதான் கேட்டார். மருந்து கொடுத்தால் வலிக்காது என்றார் டாக்டர். "சரி" என்று நம்பிவிட்டார். திரும்பி வரும்போது காரில் லட்டு என் மடியில். பின் சீட்டில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். குலாய் தாண்டும்வரை முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று நான்தான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

காயம் ஆறியது. லட்டு மறுபடி ஓட்டை வழியாகப் போக ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக. அப்படியே இரண்டு மாதம் ஓடியிருக்கும். லாயாங் லாயாங் என்ற ஊரில் அக்காவின் அண்ணன் குளியலறையில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். அண்ணி இல்லை, பிள்ளைகள் தூரத்தில். போன் பண்ணி "வர்றியா?" என்று கேட்டாராம். "வர்றேன்னுட்டேன்" என்றார் அக்கா. இத்தனை வருஷ வீடு, கேன்டீன் வேலை, எல்லாம் ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போய்வந்த கையோடு சாமான்களை ஏற்றினார்கள். சின்ன லாரிதான், அதுவும் நிரம்பவில்லை. லட்டு காலையிலிருந்தே அங்கேதான் கிடந்தது. அவர் வீட்டைப் பூட்டிவிட்டு என் கேட்டுக்கு வந்தபோது அது அவர் தோள்மேல், சட்டைத் துணியை நகத்தால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

"தம்பிய எனக்குக் குடுக்கிறியா?" என்றார்.

அந்த முறுக்கைத் தவிர அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்து யாரிடமும் கேட்டதில்லை. லாரி டிரைவர் இஞ்சினைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தான்.

என் வாய் தன் பாட்டுக்கு "அதுக்கென்னாக்கா, தாராளமா கொண்டு போங்க" என்று சொல்லத் திறந்தேவிட்டது. நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் "ச்சேச்சே, உன் புள்ளய நான் எப்படி" என்பார்கள். நாம் இன்னொரு தடவை வற்புறுத்துவோம், அவர்கள் இன்னொரு தடவை மறுப்பார்கள். கடைசியில் பொருள் நம்மிடமே இருக்கும், பெருந்தன்மை என்ற பேரும் நமக்கு மிஞ்சும். ஆனால் இவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் லட்டு லாரியில் ஏறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். லட்டு வேண்டும். எஞ்சியிருக்கிற அந்தச் சில மாதம் எனக்கு வேண்டும். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லாமல், அது என்னிடம் மட்டும் வருவதை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும்.

"குடுக்க மாட்டேங்கா."

"சரி."

முகம் மாறவில்லை. தோளுக்குக் கையைக் கொண்டுபோய், சட்டையில் மாட்டியிருந்த நகங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றை எடுத்தால் அது இன்னொன்றைப் போட்டுப் பிடித்தது. அவசரப்படாமல் அதையும் எடுத்தார். சட்டைத் தையல் விட்டு நூல் தொங்கியது. இரண்டு கையாலும் தூக்கி என் கையில் வைத்து, "அம்மாகிட்ட இரு தம்பி" என்றார். லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று நம்பியிருப்பார்.

உண்மையைத்தான் சொன்னேன். லாரி முனை திரும்புகிற வரைக்கும் கேட்டிலேயே நின்றேன். லட்டு என் பிடியில் முறுக்கிக்கொண்டு திமிறியது, கட்டைவிரலைக் கடித்தது, நான் விடவில்லை.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.